முதலில் அவகாசம், பிறகுதான் அபராதம்

மிளகும் மல்லியும் பருப்பும் விற்கிற நமக்கு ஐரோப்பாவின் மருந்துச் சட்டத்தைப் பற்றி என்ன பேச்சு என்று அன்பர்கள் சிலர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. ஆனால் பெரிய சந்தை ஒன்றில் சேர விரும்பும் சிறிய நாடு, அந்தச் சந்தையின் சட்டத்துக்குத் தன்னை எப்படிப் பழக்கிக்கொள்கிறது என்பதைப் பார்த்தால், புதிய சட்டம் வரும்போது சிறிய கடைக்காரர் என்ன செய்ய வேண்டும், அரசாங்கம் அவரை எப்படி நடத்த வேண்டும் என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை கிடைக்கிறது. ஆகவே இந்த இதழில் சற்று வெளியூர்ப் பயணம் செய்வோம்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2004ஆம் ஆண்டு மே முதல் தேதி ஒரே நாளில் 10 நாடுகள் சேர்ந்தன. போலந்து, ஹங்கேரி, செக் குடியரசு, சுலோவாக்கியா, சுலோவேனியா, எஸ்தோனியா, லாத்வியா, லிதுவேனியா, சைப்ரஸ், மால்டா என்பவை அவை. 2007 ஜனவரியில் ருமேனியாவும் பல்கேரியாவும், 2013 ஜூலையில் குரோவேஷியாவும் சேர்ந்தன. செர்பியா, மாண்டினீக்ரோ, அல்பேனியா, வட மாசிடோனியா, மால்டோவா, உக்ரைன் முதலிய நாடுகள் வாசலில் நிற்கின்றன. சேர்ந்துவிட்டால் சரக்கு எல்லை தாண்டித் தங்குதடையின்றிப் போகலாம். ஆனால் அந்தச் சரக்கு பொதுச் சட்டத்துக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும். அரிசிக்கும் ஆணிக்கும் இதில் பெரிய சிரமம் இல்லை. மருந்துக்குத்தான் இருந்தது.

சட்டம் வந்த கதை

மருந்துக்கு இத்தனை கெடுபிடி ஏன் என்று கேட்டால், அதற்கு ஒரு துயரமான பதில் உண்டு. 1957ல் மேற்கு ஜெர்மனியில் தாலிடோமைடு என்ற மருந்து விற்பனைக்கு வந்தது. மசக்கையால் அவதிப்பட்ட கர்ப்பிணிகளும் அதை வாங்கிச் சாப்பிட்டார்கள். 1961 இறுதியில் அது அங்கே திரும்பப் பெறப்பட்டது. அதற்குள் உலகெங்கும் சுமார் 10 ஆயிரம் குழந்தைகள் கை கால் வளர்ச்சி குன்றியும் வேறு குறைகளோடும் பிறந்துவிட்டன. இதற்குப் பிறகுதான், அப்போது கூட்டமைப்பில் இருந்த 6 நாடுகளும் 1965ல் முதல் பொதுச் சட்டத்தைச் செய்தன. முன் அனுமதி பெறாமல் எந்த மருந்தையும் விற்கக்கூடாது என்பது அதன் சாரம்.

1992ல் மொத்த வியாபாரிகளுக்கென்றே தனிச் சட்டம் வந்தது. மருந்துகளை மதிப்பிட 1995ல் லண்டனில் ஒரு பொது முகமை செயல்படத் தொடங்கியது. பிரிட்டன் விலகிய காரணத்தால் 2019 முதல் அது ஆம்ஸ்டர்டாமில் இயங்கி வருகிறது. சிதறிக் கிடந்த சட்டங்கள் 2001ல் ஒரே தொகுப்பாக்கப்பட்டன.

மொத்த வியாபாரிக்கு அந்தத் தொகுப்பு என்ன சொல்கிறது? லைசென்ஸ் வேண்டும். தகுதியுள்ள பொறுப்பாளர் ஒருவர் இருக்க வேண்டும். உரிமம் உள்ளவரிடமே வாங்கி, வாங்கத் தகுதி உள்ளவருக்கே விற்க வேண்டும். என்ன சரக்கு, எவ்வளவு, என்றைக்கு, யாரிடம் வாங்கியது, யாருக்கு விற்றது என்ற கணக்கை 5 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். சரக்கில் குறை இருப்பது தெரிந்தால், போன இடத்திலிருந்து உடனே திரும்ப வரவழைக்க ஒரு திட்டம் தயாராக இருக்க வேண்டும்.

இதைப் படிக்கும் நம் மண்டி வியாபாரிகளுக்கு இது புதிதாகத் தோன்றாது. வரவு செலவைப் பேரேட்டில் ஒழுங்காக எழுதும் எந்த வியாபாரியும் பாதிச் சட்டத்தை ஏற்கெனவே கடைப்பிடித்தவராகவே இருப்பார். சட்டம் என்றதும் மிரளுவதைவிட, அதில் எந்தப் பாதி நமக்கு முன்பே பழக்கம் என்று பார்ப்பது நல்லது.

சேருமுன்பே பழகினார்கள்

கிழக்கு ஐரோப்பிய நாடுகளில் 1989 வரை மருந்துத் தொழிலும் விநியோகமும் பெரும்பாலும் அரசின் கையில் இருந்தன. ஆட்சி முறை மாறியதும் தனியார் மொத்த வியாபாரிகள் பெருகினர். பழைய சட்டம் போய்விட்டது, புதிய சட்டம் இன்னும் நிலைக்கவில்லை என்ற நிலைமை. அந்த நாடுகளின் மருந்து அதிகாரிகள் இப்படியே இருந்துவிடவில்லை. 1997ல் காட்ரியாக் என்ற கூட்டமைப்பைத் தமக்குள் அமைத்துக்கொண்டனர். ஒன்றியத்தின் முகமை ஏற்கெனவே அனுமதித்த மருந்தைத் தம் நாட்டில் எளிய முறையில் பதிவு செய்ய அதன் மூலம் வழி வகுத்தனர். அங்கே மதிப்பிட்ட ஒன்றை இங்கே முதலிலிருந்து மதிப்பிடுவது காலத்தையும் பணத்தையும் வீணாக்கும் வேலை அல்லவா?

1999ல் ஒன்றியத்தின் நிதியுதவியோடு பெர்ஃப் என்ற பயிற்சி மன்றம் தொடங்கப்பட்டது. விண்ணப்பத்தை மதிப்பிடுவது, தொழிற்சாலையை ஆய்வு செய்வது, விற்பனைக்கு வந்தபின் பக்க விளைவுகளைக் கண்காணிப்பது ஆகியவற்றில், உள்ளே இருந்த நாடுகளின் அதிகாரிகளும் வெளியே இருந்த நாடுகளின் அதிகாரிகளும் ஒன்றாக உட்கார்ந்து பழகினார்கள். 2003 ஏப்ரலில் ஏதென்ஸ் நகரில் சேர்க்கை ஒப்பந்தம் கையெழுத்தானது. அதன்பின் புதிய நாடுகளின் பிரதிநிதிகள் முகமையின் குழுக்களில் பார்வையாளர்களாக அமர்ந்தனர். ஓட்டுரிமை கிடையாதுதான். ஆனாலும் முடிவு எப்படி எடுக்கப்படுகிறது என்பதை நேரில் பார்த்தார்கள். 2004 மே மாதம் வந்தபோது அவர்கள் அந்த மேசைக்குப் புதியவர்களாக இல்லை.

இங்கே ஒன்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். முதலில் பயிற்சி பெற்றவர்கள் அதிகாரிகள். சட்டத்தை அமல்படுத்துகிறவருக்கே சட்டம் சரியாகத் தெரியாவிட்டால், ஒரே விதிக்கு மாவட்டத்துக்கு ஒரு விளக்கம் கிடைக்கும். அந்தக் கஷ்டம் நம்மில் பலருக்குத் தெரிந்ததுதான்.

தேதி போட்ட அவகாசம்

எவ்வளவு பயிற்சி இருந்தாலும், பல ஆண்டுகளாக விற்பனையில் இருந்த பழைய மருந்துகளின் ஆவணங்கள் புதிய சட்டத்துக்குப் போதுமானவையாக இல்லை. ஒரே நாளில் எல்லாவற்றையும் நிறுத்தினால் நோயாளிக்கு மருந்து கிடைக்காது. அப்படியே விட்டுவிட்டால் பொதுச் சட்டம் என்ற பேச்சுக்கே பொருள் இல்லை. இதற்கு அவர்கள் கண்ட வழிதான் நாம் இன்று முக்கியமாகச் சொல்ல வந்தது.

கேட்ட 5 நாடுகளுக்கு அவகாசம் தந்தார்கள். சைப்ரஸுக்கு 2005 முடிய, மால்டாவுக்கு 2006 முடிய, லிதுவேனியாவுக்கு 2007 ஜனவரி முதல் தேதி வரை, சுலோவேனியாவுக்கு 2007 முடிய, போலந்துக்கு 2008 முடிய என்று தேதிகள் ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டன. எந்தெந்த மருந்துகளுக்கு இந்தச் சலுகை என்று பட்டியலும் இணைக்கப்பட்டது. அதுவரை அவற்றை உள்நாட்டில் விற்கலாம். ஆனால் அந்தப் பழைய உரிமத்தைக் காட்டி மற்ற உறுப்பு நாடுகளில் அங்கீகாரம் கேட்க முடியாது. கெடு முடிவதற்குள் ஆவணங்களைச் சரிசெய்து உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டும். இல்லையேல் மருந்து கடையிலிருந்து இறங்கிவிடும்.

சலுகைக்கு வெளியே பழைய உரிமத்தைப் பிடித்துக்கொண்டிருந்தவர்களை விட்டுவிடவும் இல்லை. கிராசல்வா என்ற ஒரே ஒரு மருந்தின் பழைய உரிமத்தை லிதுவேனியா தொடர்ந்து நடப்பில் வைத்திருந்தது. விவகாரம் ஒன்றியத்தின் நீதிமன்றம் வரை போய், அது சட்டமீறல் என்று 2010ல் தீர்ப்பாயிற்று.

தரத்தைக் குறைக்கவில்லை, காலத்தைத்தான் கொடுத்தார்கள். கொடுத்த காலத்துக்கும் முடிவுத் தேதி குறித்தார்கள். அந்தத் தேதியை முதல் நாளே சொன்னார்கள். கடன் கொடுக்கும்போதே தவணைத் தேதியையும் எழுதிவிடுகிற நல்ல வியாபாரியின் வழக்கம் இது. வாங்குகிறவருக்கும் கொடுக்கிறவருக்கும் மனவருத்தம் வராது.

பழைய உறுப்பினர்களுக்கும் இதே முறைதான். போலி மருந்தைத் தடுக்க 2011ல் சட்டம் செய்து, மருத்துவர் சீட்டுக்குத் தரும் மருந்துப் பெட்டிகளில் தனி அடையாளக் குறியீடும், பிரித்தால் தெரிகிற ஒட்டும் 2019 பிப்ரவரி 9 முதல் வேண்டும் என்று விதித்தார்கள். ஏற்கெனவே சொந்த முறை வைத்திருந்த இத்தாலிக்கும் கிரீஸுக்கும் 2025 பிப்ரவரி வரை காலம் கிடைத்தது. வேடிக்கை என்னவென்றால், உறுப்பினராக இல்லாமல் வெகுகாலமாக விண்ணப்பத்தோடு நிற்கும் துருக்கி, 2010லேயே பெட்டிக்குப் பெட்டி பின்தொடரும் முறையைத் தொடங்கிவிட்டது. வெளியே நிற்பவர் எல்லாம் பின்தங்கியவர் என்று நினைப்பது தவறு.

சின்ன ஊருக்கு வராத சரக்கு

எல்லாம் நன்றாகவே நடந்தது என்று சொல்வதற்கில்லை. சின்ன ஊரில் கடை வைத்திருப்பவருக்கு ஒரு அனுபவம் உண்டு. கம்பெனிக்காரரின் வேன் நெடுஞ்சாலையோடு போய்விடும். நாலு பெட்டி சரக்குக்காக உள்ளே திரும்பினால் டீசல் காசுகூடத் தேறாது என்பது அவர் கணக்கு. மால்டாவுக்கும் சைப்ரஸுக்கும் இதே கதிதான் நேர்ந்தது. 2004ல் மால்டாவின் மக்கள்தொகை 4 லட்சம் அளவே. அனுமதிக்கு விண்ணப்பித்து, கட்டணம் கட்டி, ஆவணங்கள் தயாரித்து, அவ்வளவு சிறிய சந்தையில் மருந்தை இறக்குவது பல நிறுவனங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. அனுமதி இல்லாத சரக்கை விற்கவும் முடியாது. சட்டம் சரியாகத்தான் இருந்தது. மருந்து அலமாரியில் இல்லை.

இதைத் தீர்க்க 2004லேயே ஒரு தனிப் பிரிவு சேர்க்கப்பட்டது. சைப்ரஸ் பிரிவு என்றே அதைப் பேச்சு வழக்கில் சொல்வார்கள். ஒரு மருந்துக்கு உள்நாட்டில் யாரும் அனுமதி கேட்கவில்லை, ஆனால் வேறு உறுப்பு நாட்டில் அதற்கு அனுமதி இருக்கிறது என்றால், பொது சுகாதாரத்தை முன்னிட்டு அந்நாடு தானே அனுமதி கொடுத்துக்கொள்ளலாம். பிரிட்டன் விலகியபோது, அங்கிருந்து மருந்து வரவழைத்துப் பழகிய மால்டா, சைப்ரஸ், அயர்லாந்து நாடுகளுக்கு மறுபடியும் சிக்கல் வந்தது. 2022ல் தனிச் சட்டம் போட்டு 2024 இறுதி வரை அவற்றுக்கு விலக்கு அளித்தார்கள். இங்கும் முடிவுத் தேதி இருந்ததைக் கவனிக்க வேண்டும்.

எஸ்தோனியா, லாத்வியா, லிதுவேனியா மூன்றும் வேறு ஒரு உபாயம் செய்தன. பெட்டியிலும் உள்ளே வைக்கும் குறிப்பிலும் அந்தந்த நாட்டு மொழி இருக்க வேண்டும் என்பது விதி. மூன்றும் சிறிய நாடுகள், மூன்றும் வெவ்வேறு மொழிகள். எனவே ஒரே பெட்டியில் மூன்று மொழியிலும் அச்சிட்டு, மூன்று நாட்டுக்கும் பொதுவான சரக்காகக் கொண்டுவருவதை ஊக்குவித்தார்கள். நாலு கடைக்காரர்கள் சேர்ந்து ஒரு லாரி சரக்கு எடுப்பது போன்ற காரியம்தான் இது.

லாபம் எல்லை தாண்டும்போது

மொத்த வியாபாரிகள் கவனிக்க வேண்டிய இன்னொரு பக்கமும் உண்டு. போலந்து போன்ற நாடுகளில் பல மருந்துகளின் விலை மேற்கு நாடுகளைவிடக் குறைவு. சந்தை ஒன்றானதும், இங்கே வாங்கி அங்கே விற்பது சட்டப்படியான வியாபாரமாயிற்று. முன்பு சரியான காப்புரிமை பெற வழியில்லாமல் இருந்த 8 புதிய நாடுகளிலிருந்து மருந்து கொண்டுபோனால், ஒரு மாதம் முன்னதாகக் காப்புரிமை உள்ளவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று மட்டும் ஒப்பந்தத்தில் நிபந்தனை வைத்தார்கள்.

இதை வைத்து ஒரு வழக்கும் நடந்தது. போலந்திலிருந்து பிரிட்டனுக்கு ஆஸ்துமா மருந்து கொண்டுபோன நிறுவனம் முன்கூட்டியே கடிதம் எழுதியிருந்தது. மறுதரப்பு பதில் சொல்லாமல் இருந்துவிட்டு, வியாபாரம் தொடங்கியபின் ஆட்சேபித்தது. ஆட்சேபம் தெரிவிப்பதற்கு முன் நடந்த விற்பனைக்கு உரிமை கோர முடியாது, அதன்பின் தடுக்கலாம் என்று 2015 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. ஒரு கடிதமும் அதன் நகலும் எவ்வளவு பெரிய பாதுகாப்பு என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

ஆனால் இந்த வியாபாரம் அளவு மீறியபோது போலந்திலேயே மருந்துக்குத் தட்டுப்பாடு வந்தது. சில்லறை மருந்துக் கடையிலிருந்து சரக்கைத் திரும்ப மொத்த வியாபாரிக்குத் தள்ளி, அங்கிருந்து வெளிநாட்டுக்கு அனுப்பும் தலைகீழ் விநியோகமும் நடந்தது. 2015ல் அந்த அரசு சட்டத்தைத் திருத்தியது. தட்டுப்பாடு வரக்கூடிய மருந்துகளுக்குப் பட்டியல் வெளியிட்டு, அவற்றை வெளியே அனுப்புமுன் அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும் என்று விதித்தது. சிலர் செய்த காரியத்துக்கு எல்லா வியாபாரிகளும் புதிய படிவம் நிரப்ப வேண்டியதாயிற்று. பதுக்கல்காரர் ஒருவர் மாட்டினால் வீதி முழுக்க சோதனை நடப்பதை நாம் பார்த்ததில்லையா? நம்மை நாமே கட்டுப்படுத்திக்கொள்ளாவிட்டால், வெளியிலிருந்து வரும் கட்டுப்பாடு நல்லவர் கெட்டவர் பார்த்து வராது.

முன்னதாகக் கணக்குப் போட்டவர்கள்

சட்டத்தைச் சுமையாக மட்டும் பார்க்காமல் முதலாகப் பார்த்தவர்களும் உண்டு. சுலோவேனியாவின் கிர்கா நிறுவனமும் ஹங்கேரியின் கெதியோன் ரிக்டர் நிறுவனமும் ஒன்றியத்தில் சேர்ந்தபின்னும் வெளியாருக்கு விலைபோகாமல் தம் பெயரிலேயே நின்று பல நாடுகளில் விற்கின்றன. நம் நாட்டவரும் இதைக் கவனித்திருந்தார்கள். ருமேனியா சேர்வதற்கு முந்தைய ஆண்டான 2006ல், அந்நாட்டின் தெராப்பியா நிறுவனத்தை இந்தியாவின் ரான்பாக்ஸி 324 மில்லியன் டாலருக்கு வாங்கியது. வரப்போகும் சட்டத்தை முன்கூட்டியே படித்தவருக்கு அது கதவாகத் தெரிகிறது. கடைசி நாளில் படித்தவருக்கு அதுவே சுவராக இருக்கிறது.

நமக்கான பாடம்

இனி நம் வீட்டுக்கு வருவோம். 2006ல் இயற்றப்பட்ட உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2011 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. ஏற்கெனவே தொழில் செய்பவர்கள் புதிய லைசென்ஸுக்கு மாற ஒரு வருடம் என்றார்கள். பிறகு அந்தக் கெடு பலமுறை தள்ளிப்போடப்பட்டு 2016 ஆகஸ்ட் வரை நீண்டது. மொத்தத்தில் கிடைத்த காலம் 5 ஆண்டுகள், அதாவது போலந்துக்குக் கிடைத்ததைவிட அதிகம். ஆனால் வித்தியாசம் ஒன்று உண்டு. போலந்து வியாபாரிக்கு முதல் நாளே கடைசித் தேதி தெரியும். அதற்கேற்ப வேலையைப் பகிர்ந்து செய்தார். நமக்கோ ஒவ்வொரு கெடுவும் முடியும் தருவாயில்தான் நீட்டிப்பு. பயந்து முதலில் லைசென்ஸ் எடுத்தவர் ஏமாளியானார். அசட்டையாக இருந்தவர் கெட்டிக்காரரானார். இப்படிப்பட்ட நீட்டிப்பு வியாபாரிக்கு நன்மை செய்வதாகத் தோன்றும். உண்மையில் சட்டத்தின் மேல் உள்ள மரியாதையைத்தான் குறைக்கிறது.

எனவே சங்கங்கள் அரசிடம் எதைக் கேட்க வேண்டும் என்பதில் நமக்குத் தெளிவு வேண்டும். எங்களுக்கு இந்தச் சட்டமே வேண்டாம் என்று கேட்பது பலிக்காது. கேட்பது நியாயமும் அல்ல. கலப்படத்தால் கெடுவது நம் வாடிக்கையாளரின் வயிறு, அதோடு நம் கடையின் பெயர். நாம் கேட்க வேண்டியவை நான்கு. முதலாவது, வரைவு நிலையிலேயே விதிகள் தமிழில் கிடைக்க வேண்டும். முடிவெடுக்கும் கூட்டத்தில் சிறு வணிகருக்குப் பார்வையாளராகவாவது ஒரு நாற்காலி வேண்டும். இரண்டாவது, அதிகாரியும் வியாபாரியும் சேர்ந்து உட்காரும் பயிற்சி முதலில், சோதனை பிறகு. மூன்றாவது, கடையின் அளவுக்கேற்ற அவகாசம், அதன் முடிவுத் தேதி தொடக்கத்திலேயே அச்சில் இருக்க வேண்டும், அந்தத் தேதி எவருக்காகவும் மாறக்கூடாது. நான்காவது, சின்ன ஊருக்குச் சரக்கே வராமல் போகும் நிலை ஏற்பட்டால் அதற்கென்று ஒரு தனிப் பிரிவு.

கேட்பதற்குத் தகுதி வேண்டுமென்றால் நம் பங்கும் உண்டு. கொள்முதல் பில் இல்லாத சரக்கைக் கடையில் ஏற்றக்கூடாது. பேட்ச் எண்ணையும் காலாவதித் தேதியையும் சரக்கு இறக்கும்போதே பார்த்துக் குறித்துவைக்க வேண்டும். யாரிடம் வாங்கினோம், எந்தக் கடைக்குக் கொடுத்தோம் என்று கேட்டால், மொத்த வியாபாரி பேரேட்டைத் திறந்து சொல்லக்கூடியவராக இருக்க வேண்டும். இதற்கு எந்தச் சட்டத்தின் அவகாசமும் தேவையில்லை. நாளைக் காலை கடை திறக்கும்போதே தொடங்கலாம்.